மடி வற்றிய ஆறாம் நாள்

தினேஸ்வரி மாட்டின் நான்கு காம்புகளையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மடி தளர்ந்து தொங்கியது. கொட்டகைக்கு வெளியே லோரி நின்றது. வந்திருப்பவன் அறுப்புக்கு மாடு பிடிப்பவன் என்பது கோப்பெங்கில் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சுரேன் மட்டும் பண்ணைக்குக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா உடையப்பனைப் புதைத்து மூன்றாம் நாள். பத்து மணிக்குக் குழியில் பால் ஊற்ற வேண்டும். அதற்குள் மாட்டை ஏற்றிவிட நினைத்தான் சுரேன்.

கறந்து ஆறு நாளாகிவிட்டது. அப்பா ஈப்போ மருத்துவமனையில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு புல் போட்டார். கறப்பதும் அவர்தான் என்று சுரேன் நினைத்தான். சுரேன் வந்து கறக்கிறான் என்று அவர் நினைத்தார். அப்பா செத்த பிறகு, தீட்டு வீட்டு மாடு என்று யாரும் மடியைத் தொடவில்லை.

அப்பா கடைசியாகப் பேசியது தினேஸ்வரியிடம். மாட்டைக் கறந்தாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள். யாரையும் விசாரிக்காமல்தான் சொன்னாள்.

"மடி செத்துப் போச்சு. வச்சு என்னா செய்யப் போற? ஏத்திடலாம்லா," என்றான் சுரேன்.

கொட்டகைத் தூணில் கால்நடை இலாகாவின் அட்டை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. அவள் அதை எடுத்து நீட்டினாள்.

"நாலு மாசம் சினை."

"பாலு போன மாடு கன்னு போட்டு யாருக்கு?"

கறக்காமல் விட்டால் பால் சுரக்கும் திசு கொஞ்சம் கொஞ்சமாக அழியும் என்றாள். சினை மாட்டில் அப்படி முழுதாக அழியாது. கன்று வயிற்றில் இருக்கும்வரை ரத்தத்தில் புரோஜெஸ்டரோன் ஓடும். அதுவும் மற்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களும் சேர்ந்து அந்தத் திசுவைக் காப்பாற்றி வைக்கும். இப்போது பால் வராமல் போகலாம். கன்று போட்டால் மறுபடி ஊறும்.

"செர்டாங்ல ரெண்டு வருசம் மாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு ஓடியாந்தவ. பேச்சு மட்டும் டாக்டரு."

"ஓடியாந்தது உண்மைதான். படிச்சது மறக்கல."

லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அது வரைக்கும் புல்லு யாரு போடுறது? நான் ஈப்போல இருக்கேன், நீ லகாட்டுல."

"நான் வாரேன்."

"தெனமுமா?"

"வேல விட்டு நேரா வாரேன்."

சுரேன் அவளைப் பார்க்கவில்லை, மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெளியே போய், கொடுக்கவில்லை என்று மலாயில் சொன்னான். அந்த ஆள் திட்டிக்கொண்டே லோரியைப் பின்னால் எடுத்தான். செம்மண் பாதையில் டயர் இரண்டு முறை சுழன்று, பிறகு பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்த சுரேன் வேட்டியை மடித்துக் கட்டினான். தொட்டியில் புல் இல்லை.

"அப்பா அருவாள எங்க வச்சிருப்பாரு?"

அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் ஆளுக்கொரு மூலையில் குனிந்து, சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள்.