வெறும் வயிற்றில் வர வேண்டும்

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை ஆரோக்கிய மேளா வைப்பது என்று முடிவானபோது சுலோச்சனா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சுகருக்கு ரத்தம் எடுப்பது சாப்பிடுவதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால், வெறும் வயிற்றில் என்று சந்தியா சொன்னாள். அப்படியானால் பதினோரு பேர் வயிற்றுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லிவிட்டு சுலோச்சனா வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது அந்த இல்லம். மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் இருந்து, குணமாகி, திரும்பிப் போக வீடு இல்லாமல் போன பதினோரு பேர் அங்கே வாழ்கிறார்கள். அவரவர் அறைக்கு அவரவர் கையில் சாவி. மாத்திரை வேளைக்கு உள்ளே போகிறதா, பென்ஷன் வந்ததா, யாருக்குத் தூக்கம் வரவில்லை என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள சந்தியா தினமும் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

சுலோச்சனாவும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்திதான். விஜயபுரம் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது நான்கு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் சமையல்காரம்மா வரவில்லை. எல்லாரும் பிரெட் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது இவள் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தாள். கொண்டுவந்து ஊற்றிவிட்டு, "உப்பு போதுமா?" என்று கேட்டாள். இல்லத்தில் அவள் குரலை எல்லாரும் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அந்தச் சமையல்காரம்மா வேறு வேலை பார்த்துக்கொள்ளவேண்டி வந்தது.

இப்போது அந்தச் சமையலறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மனதுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில, உடம்பில் சர்க்கரையை ஏற்றிவிடும். ஜூன் மாதம் எல்லாருக்கும் சோதித்தபோது ஏழு பேருக்கு எக்கச்சக்கமாக இருந்தது. இல்லத்தை நடத்துகிற டிரஸ்ட் சித்தூரில் இருக்கிறது. அங்கே கூட்டம் போட்டு, இனிமேல் கணக்காகச் சமைத்துக் கட்டித் தருகிற இடத்திலிருந்து கேரியர் வரவழைத்துவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். மேனேஜர் எர்னஸ்ட்தான் மூன்று மாதம் தவணை வாங்கிவந்தார். சித்தூர் பழைய மிஷன் சபைக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் விஷயத்தை மறைக்கவும் தெரியாது.

"உங்க சமையல்ல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. அங்க நம்பர் கேக்கறாங்க. மேளா அன்னிக்கு சுகர் இறங்கலைன்னா ஒண்ணாந் தேதியிலேர்ந்து கேரியர்தான்."

"அப்போ நான் இன்னா பண்றது?"

"நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ஆஸ்பத்திரியில பதினாறு வருஷம் ரெஸ்ட்லதான சார் இருந்தேன்" என்றாள் சுலோச்சனா.

அன்றோடு உருளைக்கிழங்கு ஒழிந்தது. காலையில் கொர்ரா என்கிற தினையில் உப்புமா, ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி, நடுவில் கைப்பிடி சோறும் கைநிறைய கீரையும். கோவர்த்தனன் நகரியில் விசைத்தறி ஓட்டினவர், அறுபதைத் தாண்டியவர், இல்லத்தில் வாய் அதிகமுள்ள ஆண் அவர் ஒருவர்தான். களி உருண்டையைத் தட்டில் உருட்டிப் பார்த்து, எங்க தறியில இதை வெச்சா ஒரு வருஷத்துக்குத் தேயாது என்பார். ரத்னம்மா குறை சொல்லமாட்டாள். தின்றுவிட்டு, சாயங்காலம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதால் யாரும் தடுப்பதில்லை.

மேளாவை இல்லத்துக்காரர்களே நடத்தவேண்டும் என்பது சந்தியாவின் பிடிவாதம். பல், கண், பிரஷர், சுகர் என்று நான்கு மேசை. தெருக்காரர்களுக்கும் உண்டு. கோவர்த்தனன் தமிழிலும் தெலுங்கிலும் நோட்டீஸ் எழுதினார். 'வெறும் வயிற்றில் வர வேண்டும்' என்ற வரியை மட்டும் சுலோச்சனா பக்கத்தில் நின்று சிவப்பு மசியில் எழுதவைத்தாள். ஷாமியானா கடைக்காரர் முதலில், அந்த வீட்டுக்கா என்று இழுத்தாராம். ரத்னம்மா, ஆமாம் அந்த வீட்டுக்குத்தான், உனக்கும் பிரஷர் பார்ப்போம், வந்து கட்டு என்றாளாம். கட்டினார்.

அந்தச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே சுலோச்சனா ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சோதனை போட்டாள். ரத்னம்மா தலையணைக்கடியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பறிமுதல் செய்தாள். காபி கிடையாது. கோவர்த்தனன் வெந்நீராவது கொடு தாயே என்றதற்கு, பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் அளந்து கொடுத்தாள். ஆறரைக்குப் பதினோரு பேரும் ஷாமியானாவுக்கு அடியில் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தெருக்காரர்கள். இத்தனை நாள் இந்த வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனவர்கள், கோவர்த்தனன் கையிலிருந்து டோக்கன் வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தியா, டாக்டரம்மாவை அழைத்துவர ஆட்டோவில் போயிருந்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கங்கம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தில் ராத்திரியெல்லாம் நின்று தரிசனம் முடித்து, செருப்பில்லாத காலோடு நேராக இல்லத்து வாசலுக்கு வந்து, நல்ல காரியம் நடக்கிற இடம் என்று நான்கு லட்டை சுலோச்சனா கையில் கொடுத்தாள். சுலோச்சனா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எலுமிச்சம்பழ அளவுக்குப் பிட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கொடுத்துக்கொண்டே போனாள். எல்லாரும் எழுந்து நின்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். சித்தூரிலிருந்து அப்போதுதான் வந்து காரை விட்டு இறங்கிய எர்னஸ்டுக்கும் ஒரு பங்கு. மலையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து நீட்டும்போது, எந்தச் சபைக்காரராக இருந்தாலும் அந்த ஜில்லாவில் வேண்டாம் என்று சொல்கிற வழக்கமில்லை. அவரும் வாயில் போட்டுக்கொண்டார்.

கடைசித் துண்டைத் தானும் போட்டுக்கொண்டு, கையைப் புடவையில் துடைத்து, சுலோச்சனா வரிசையைப் பார்த்து ஒருமுறை எச்சரித்தாள்.

"டாக்டரம்மா வர்ற வரைக்கும் யாரும் வாயில ஒண்ணும் போடக் கூடாது, சொல்லிட்டேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

டாக்டர் நளினி ஏழு மணிக்கு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர். ஒவ்வொருவரிடமும் "டிஃபன் அயிந்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் விரலில் குத்தினார். ஒவ்வொருவரும் லேது மேடம், இன்னும் சாப்பிடவில்லை என்று சத்தியமாகச் சொன்னார்கள். மிஷினில் எண் வந்தது. முதல் ஆளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்தவருக்கு இருநூற்று முப்பது. கோவர்த்தனனுக்கு இருநூற்று அறுபத்தெட்டு. டாக்டரம்மாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது. மிஷினை மாற்றிப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எர்னஸ்ட், ஆறாவது ஆளுக்குப் பிறகு சுலோச்சனாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

சுலோச்சனா சமையலறைக்குப் போனாள். சந்தியா பின்னாலேயே ஓடினாள். மூன்று மாதமும் நானே கண்ணால் பார்த்தேனே, எங்கேயோ தப்பு இருக்கிறது என்றாள். தப்பெல்லாம் ஒன்றுமில்லை, என் கைக்கு அவ்வளவுதான் ராசி என்று சொல்லிவிட்டு சுலோச்சனா கொர்ராவைக் களைந்து உலையில் போட்டாள். டாக்டர்கள், தெருக்காரர்கள் என்று நாற்பது பேருக்குச் சமைக்கவேண்டியிருந்தது.

"கடைசிச் சமையலா இருந்தாலும் உப்பு சரியா இருக்கட்டும் சந்தியா. நீ போய் வேலைய பாரு."

வெளியே பல் மேசையில் பரணி என்கிற இளவயது டாக்டர் உட்கார்ந்திருந்தான். கோவர்த்தனனை வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவன், கடைவாய்ச் சொத்தைக்குள்ளிருந்து இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். முந்திரி. இன்னொரு முறை உள்ளே விட்டான். உலர்ந்த திராட்சை.

"பெரியவரே, காலையில லட்டு சாப்ட்டீங்களா?"

"இல்லியே."

"வாய்க்குள்ள இருக்குதே."

"லட்டு எங்க துன்னேன்? பிரசாதம் வாங்கினேன்" என்றார் கோவர்த்தனன், சின்னப் பையனுக்குப் புரியவைக்கிற பொறுமையோடு.

பரணி இடுக்கியைப் பிடித்தபடியே சுகர் மேசைப் பக்கம் திரும்பி, மேடம், கொஞ்சம் இங்கே வாருங்கள் என்றான்.

ஒரு நிமிடத்தில் விஷயம் ஷாமியானா முழுக்கப் பரவிவிட்டது. டாக்டரம்மா வரிசையைப் பார்த்து எல்லாருமா தின்றீர்கள் என்று கேட்டார். பிரசாதம்தானே மேடம் என்று பத்துக் குரல் வந்தது. அதைச் சாப்பாட்டோடு சேர்ப்பார்களா என்று தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எர்னஸ்ட் எழுந்தார். யார் கொடுத்தது என்று டாக்டரம்மா கேட்டார். கோவர்த்தனன் வானத்தைப் பார்த்தார். ரத்னம்மா, பெருமாள் கொடுத்தார் என்றாள்.

சமையலறை வாசலில் கரண்டியோடு சுலோச்சனா நின்றுகொண்டிருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"நான்தான் சார் குடுத்தேன். காபி வேணாம், பிஸ்கட் வேணாம்னு அத்தினியும் பாத்தேன். இது சாமி குடுத்ததாச்சே, இதுல போயி சக்கரை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. மூணு மாசம் பண்ணத என் கையாலயே கெடுத்துக்கினேன். கேரியர் வேணும்னா சொல்லிடுங்க."

எர்னஸ்ட் ஃபைலை மூடினார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"எனக்கும் குடுத்தீங்களேம்மா" என்றார். "நானும் தின்னுட்டுதான உக்காந்து எழுதிக்கினு இருக்கேன். எனக்கே தோணலையே."

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். முப்பது வருடமாக இந்த ஊரில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறேன், இனிமேல்தான் கேள்வியை மாற்றவேண்டும் என்றார். பிறகு, விரல் ரத்தம் போனால் போகட்டும், மூன்று மாதத்து சராசரியைச் சொல்லும் இன்னொரு சோதனை இருக்கிறது, கையிலிருந்து எடுக்கவேண்டும், காலையில் லட்டு தின்றிருந்தாலும் அதற்குக் கவலையில்லை என்றார். ஜூனில் எடுத்ததும் அதே சோதனை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தியா அங்கேயே ஊசியும் குழாயும் எடுத்துவைத்தாள். பதினோரு கை நீண்டது. ரத்னம்மாவுடையது கடைசியில், கொஞ்சம் தயங்கி.

ரத்தம் லேபுக்குப் போனது. மேளா மத்தியானம் வரை நடந்தது. ஷாமியானாக்காரருக்கு நிஜமாகவே பிரஷர் இருந்தது. கொர்ரா சாதமும் கீரைக்கூட்டும் நாற்பது பேருக்குப் போட்ட பிறகும் மூன்று பேர் பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். சுலோச்சனா மட்டும் சாப்பிடவில்லை. இப்போது மட்டும் வெறும் வயிற்றில் இருந்து என்ன பிரயோஜனம் என்று கோவர்த்தனன் சீண்டிப் பார்த்தார். அவள் காலிப் பாத்திரங்களை அடுக்கப் போய்விட்டாள்.

நாலு மணிக்குச் சந்தியாவின் போனில் முடிவு வந்தது. அவள் ஒவ்வொரு பெயராகப் படிக்க, எர்னஸ்ட் ஜூன் மாத எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்த நாலு பேருக்கு அப்படியே இருந்தது. எகிறியிருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு இறங்கியிருந்தது. கோவர்த்தனனுக்கு, சதவீதக் கணக்கில், எட்டே முக்காலிலிருந்து ஏழேகாலுக்கு. ஒருவருக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ரத்னம்மாவுக்கு மட்டும் ஏறியிருந்தது. முடிவுக்காகக் காத்திருந்த டாக்டரம்மா, ஐந்து பேருக்கு மருந்தைக் கூட்டாமலே இறங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஏழு பேருக்கும் இறங்கவேண்டும் என்பதுதான் டிரஸ்ட் சொன்னது. எர்னஸ்ட் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தமிழும் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பத்து நிமிடம் பேசினார். உள்ளிருந்து பதினோரு பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு ஒருமுறை குனிந்தது, ஒருமுறை நிமிர்ந்தது, கடைசியில் தலை சொறிந்துகொண்டது.

திரும்பி வந்து சுலோச்சனாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கேரியர் வேணாம்னு ஒத்துக்கிட்டாங்க. அஞ்சு பேருக்கு மருந்து ஏத்தாமயே இறங்கிருக்குன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க இல்ல, அதுக்கு மேல பேச முடியல. சமையல் உங்ககிட்டதாம்மா. ரத்னம்மாவுக்கு ஏன் ஏறிச்சுன்னு மட்டும் கேக்கறாங்க."

சுலோச்சனா புடவைத் தலைப்பால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு ரத்னம்மா பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலம் எங்கக்கா நடக்கற?"

"அலிபிரி ரோட்டு முனை வரைக்கும்."

"அங்க இன்னா இருக்குது?"

"பஜ்ஜி வண்டி."

"எத்தினி?"

"ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "நாலு" என்றாள் ரத்னம்மா.

"வாழக்காயா, மொளகாயா?"

"மொளகா."

"நல்லா இருக்குதா?"

ரத்னம்மா நேர்மையாக யோசித்தாள். "சோடா ஜாஸ்தி. எண்ணெய் மாத்தறதே இல்ல. ஆனா உன் களிய மூணு மாசம் துன்னவளுக்கு அது அமிர்தம்டி."

சுலோச்சனாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த இல்லத்தில் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் எர்னஸ்டிடம் ஒரே ஒரு சலுகை கேட்டாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, புது எண்ணெயில், தன் கையால், ஆளுக்கு இரண்டு. நாலு கிடையாது.

"அத என்னால ஃபைல்ல எழுத முடியாதும்மா."

"எழுதாதீங்க சார். அன்னிக்கு மட்டும் நீங்க இந்தப் பக்கம் வராம இருங்க."

"சரி, எந்தக் கிழமைன்னு சொல்லுங்க. வராம இருக்கணும்ல."

"சொல்ல மாட்டேன்" என்று எழுந்தாள் சுலோச்சனா. மணி ஐந்தாகப் போகிறது. பதினோரு பேருக்குக் களி கிண்டத் தண்ணீர் கொதிக்கவே அரைமணி நேரம் ஆகும். போகிற போக்கில் ரத்னம்மாவைப் பார்த்து, நடக்கப் போவதானால் அலிபிரி ரோட்டுப் பக்கம் வேண்டாம், சந்தின் அந்தக் கோடி வரைக்கும் நட, நானும் வருகிறேன், கொஞ்சம் பொறு என்றாள்.