ஆறு மணிக் கூட்டம்

வேலைக்கு விண்ணப்பித்தபோது தாய்வான் எந்தத் திசையில் கிடக்கிறதென்று சண்முகநாதனுக்குத் தெரியாது. ஊரில் பேராதனையில் அரசறிவியல் படித்துவிட்டு, புலம்பெயர்ந்து வந்து பிறம்ரன் நகரத்துக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கி முதுகு விட்டுப்போன மனிதர். அங்கேயொரு பல்கலைக்கழகத்தின் தாய்வான் ஆய்வு மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் தேவை என்றதும் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

"எங்கட நாட்டையே காணேல்லை, நீர் உவங்கட நாட்டை ஆராயப் போறீரோ?" என்று எங்கள் சனம் நிறைந்த மல்வேர்னில் இராசரத்தினம் அண்ணை கேட்டார். கேட்டால் கேட்கட்டும். கதிரை, மேசை, கதவில் பெயர். போதாதா?

ஆனால் மையத்துக்குத் தாய்வான் தலைநகர் தாய்பேயிலிருந்து வந்த காசு ஒரு வருடத்துக்கு மட்டுந்தான். அதை நீட்டலாமா என்று பார்க்க அங்கிருந்து ஒரு பெரியவர் வரவிருந்தார். அதுவரை நடந்த கூட்டங்களுக்கு நாலைந்து பேர் வந்தார்கள், அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"மண்டபம் நிறைய வேண்டும், சண்," என்றார் இயக்குநர் பேர்ணடெற். "இல்லாவிட்டால் மையமும் இல்லை, உன் வேலையும் இல்லை."

மண்டபம் நிரப்புவதா பெரிய வேலை? ரோல்ஸ், வடை என்று சொன்னால் மல்வேர்ன் திரண்டு வரும். பள்ளிக்கூட பஸ் இரண்டை வாடகைக்குப் பிடித்தார். ஒரேயொரு சிக்கல் நேரம். ஆறு மணியென்று அழைப்பு அட்டை அடித்தால் எட்டுக்கு வந்து சேரும் சாதி நாங்கள். ஆகவே ஆறு மணிக் கூட்டத்துக்கு நாலு மணியென்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

"நாலுக்கே வந்திட்டினமெண்டால்?" என்று மனைவி மங்கையற்கரசி கேட்டாள்.

"ஆர், எங்கட சனமோ?" சண்முகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றைக்கு நாலரைக்கு அவர் ஆறுதலாகப் போய்க் கதவைத் திறந்தால், மண்டபம் நிரம்பி வழிகிறது. காஞ்சிபுரச் சேலைகளும் கோட்டும் சூட்டுமாக அத்தனை பேரும் வாய்பொத்தி உட்கார்ந்திருந்தார்கள்.

"யூனிவேர்சிற்றி எல்லே தம்பி," என்றார் இராசரத்தினம். "வெள்ளைக்காரற்றை இடத்திலை பிந்திப் போய் மானத்தை வாங்கலாமே?"

"இப்ப தொடங்கிடும் அண்ணை, இப்ப தொடங்கிடும்." உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஐந்து மணிக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் திறபட்டன. ஐந்தரைக்கு, காத்திருந்து அலுத்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பாதிப் பேருக்கு இரவு ஷிப்ற் வேறு. கையைப் பிடித்துக் கெஞ்சியும் ஒருவரும் நிற்கவில்லை. "கூட்டம் நல்ல திறம்," என்று சொல்லிவிட்டு இராசரத்தினமும் பஸ் ஏறினார்.

ஆறு மணிக்குத் தாய்பேய்ப் பெரியவர் வந்தார். வெறும் கதிரைகள், எண்ணெய் படிந்த கடதாசித் தட்டுகள். பேர்ணடெற்றின் முகத்தில் ஈயாடவில்லை.

"நிறையப் பேர் வந்தார்கள், ஐயா," என்றார் சண்முகநாதன். "நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டு மணி நேரம் முன்னதாகவா? தாய்வானைப் பற்றிக் கேட்கவா?"

எங்கள் ஆள் தலையாட்டினார். வேறென்ன செய்ய?

அடுத்த மாதமே ஐந்து வருடத்துக்குக் காசு வந்தது. இப்படியொரு ஆர்வத்தைத் தாய்பேயிலும் தான் கண்டதில்லையென்று பெரியவர் எழுதியிருந்தாராம். பேர்ணடெற் சண்முகநாதனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"மையம் வளர்ந்துவிட்டது, சண். இனிச் சீனமொழி தெரிந்த ஒருவர் முழுநேரமாக வேண்டும். உனக்குத் தெரியாதே."

பேர்ணடெற் அம்மாவுக்கும்தான் தெரியாது. மறுபடியும் பிறம்ரன், மறுபடியும் பெட்டி.

அடுத்த வருடம் கடையில் கண்ட இராசரத்தினம் பழைய கதையை எடுத்தார். "உந்த யூனிவேர்சிற்றிக்காரரும் எங்களை மாதிரித்தான் தம்பி. நாலெண்டு சொல்லிப்போட்டு ஐஞ்சரை ஆகியும் ஒருத்தனும் மேடை ஏறேல்லை. இனிக் கூப்பிட்டால் ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் போவம்."

அந்த வாரமே மையத்தின் புது ஒருங்கிணைப்பாளர் சண்முகநாதனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெரியவர் மறுபடி வருகிறாராம், அந்த ஆர்வமான மக்களைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

"கூட்டம் ஆறு மணிக்கு. உங்கள் ஆட்களுக்கு எத்தனை மணியென்று சொல்லலாம்?"

சண்முகநாதனுக்கு இராசரத்தினம் கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஆறென்றே சொல்லுங்கள், பிள்ளை," என்றார். "பொய் சொல்லக்கூடாது."