லோவ்ரேயின் ஐந்தாவது மேசை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திறந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி தட்டல். பக்கத்து வீட்டு லோவ்ரே தன் மேசையைத் தட்டுகிறான் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

லோவ்ரே கப்பல் இன்ஜினியர். விடுப்பில் எங்கள் துறைமுக ஊரான ரியேகாவுக்கு வந்தவன், கணினியில் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டிருந்தான். சீட்டு அவனுக்குப் புதிதல்ல. இங்கே எல்லாரையும் போல அவனும் த்ரெசேத்தா ஆடி வளர்ந்தவன். இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. சீட்டை இறக்கும்போது விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினால், எதிரே இருக்கும் கூட்டாளிக்குச் சேதி: இருப்பதில் பெரியதைப் போடு, அந்தச் சுற்றைப் பிடித்துவிட்டால் அதே இனத்தில் எனக்கே திருப்பி விடு. ஞாயிற்றுக்கிழமைகளில் லோவ்ரேயின் கூட்டாளி அவன் மனைவி யாகோடா.

போக்கரில் கூட்டாளி கிடையாது. அது தெரிந்தும் கை தட்டிக்கொண்டே இருந்தது.

2

தொடக்கம் எனக்கு அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

‘லோவ்ரே ஒரே நேரத்தில் நான்கு மேசைகளில் உட்கார்ந்திருந்தான்’ (மாயாஜாலக் கதை மாதிரி இருக்கிறது.)

‘துறைமுகத்தில் புரா காற்று சுழன்றடித்த அந்த’ (இந்த ஊர்க் கதை ஒன்று விடாமல் அது சுழன்றடிக்கிறது. வேண்டாம்.)

‘லோவ்ரேக்கு மறுபடி கப்பல் ஏற மனமில்லை.’

இதுதான் உண்மை; முதல் வரியில் வந்திருக்க வேண்டியது. ஏஜென்சி அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டிருந்தது. போனால் ஆறு மாதம். யாகோடாவின் தம்பி டிங்கோ போக்கரையே பிழைப்பாகக் கொண்டவன். கணினித் திரையில் நான்கு மேசைகளை, அதாவது நான்கு ஆட்டங்களை, ஒரே நேரத்தில் பதறாமல் ஆடிக்காட்டினால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். சேர்ந்துவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம், யாகோடாவோடு. லோவ்ரேக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

ஒரு மேசை எளிது. எதிரே ஆடுகிறவர்களை அவன் முகம் பார்க்காமலே தெரிந்துவைத்திருந்தான்: இவர் அவசரக்காரர், இவர் பயந்தாங்கொள்ளி, இவர் தோற்றால் காபி குடிக்கப் போகிறவர். இரண்டாவது மேசையைத் திறந்ததும் சிக்கல் வந்தது. ஒன்றில் சொத்தைச் சீட்டைக் கவிழ்க்கப் பொத்தானை நோக்கிப் போகிறான். அதற்குள் மற்றது தானாக மேலே வந்து நிற்கிறது. அதிலிருந்த அருமையான இரண்டு ராஜாக்களைக் கவிழ்த்துவிடுகிறான். யாகோடா பரண்மேலிருந்து கப்பல் பையை இறக்கினாள்.

[இந்தக் கடைசி வாக்கியம் ஐந்தாம் பகுதியில் வரவேண்டியது. எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகத் திறந்துவைத்து எழுதுகிறேன். கை இடம் மாறிவிட்டது. இருக்கட்டும்.]

டிங்கோ தொலைபேசியில் சிரித்தானாம்.

“மச்சான், நீ ஆளைப் பாத்து ஆடுற. இங்க ஆளே கிடையாது. மணி அடிக்கிற மேசைக்குப் பதில் சொல்லு, அடுத்ததுக்குப் போ. என்ன செய்யுறதுன்னு தெரியலையா, வேண்டாம்னு கவுத்துடு. ஒண்ணும் குடி முழுகிடாது. மொதல்ல அந்தத் தட்டுறத நிறுத்து. நாலு மேசையில தட்டிக்கிட்டிருந்தா நேரம் ஓடிரும்.”

லோவ்ரே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆடப் பழகினான். என் பக்கம் சுவர் அமைதியானது. மூன்று மேசை, பிறகு நான்கு. எழுதுகிறவனுக்கு வசதிதான், ஆனால் தட்டல் நின்ற பிறகு எனக்கு எழுத்து ஓடவில்லை.*

* ஓடாத பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவற்றில் லோவ்ரே ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

4

யாகோடாவை நான் நம்பவில்லை, அதாவது நான் எழுதிய யாகோடாவை. முதல் வரைவில் அவள் இடுப்பில் கைவைத்து, “எப்பப் பாரு சீட்டு” என்று கத்தினாள். அது எந்தக் கதையின் மனைவியும் கத்துவது. பல் மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர்கள் முனகலைக் கேட்டு வருகிறவள் வீட்டில் குரல் உயர்த்துவதில்லை. அவள் நிஜமாகச் சொன்னதை எனக்கு லோவ்ரேதான் சொன்னான், வேடிக்கை போல:

“கப்பல்ல இருந்தப்போ தினமும் போன் பண்ணி என்ன சமைச்சேன்னு கேப்ப. இப்ப சட்டியோட முன்னால வந்து நிக்கிறேன், கேக்க ஆளில்ல.”

நான்கு மேசை கைவந்த பிறகு அவன் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் சொன்னான். சாளை பொரிக்கட்டுமா? வேண்டாம். ஜன்னலைத் திறக்கட்டுமா? வேண்டாம். அவள் அவனுக்கு ஐந்தாவது மேசை.

5

வியாழக்கிழமை பிற்பகல் டிங்கோ வைத்த பரீட்சை. அவன் தன் ஊரிலிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, லோவ்ரே நான்கு மேசைகளில் ஆடினான். அவன் போனை எடுக்காததால் ஏஜென்சி யாகோடாவின் செல்போனுக்கு அழைத்தது. இன்றே பதில் வேண்டுமாம். அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

“கப்பலுக்கு ஆள் முடிவு பண்றாங்களாம். நீ வரலைன்னு சொல்லிடட்டுமா?”

“வேண்டாம்.”

“வேண்டாமா?”

“வேண்டாம்.”

அவன் வருவான் என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டு, யாகோடா பரணருகே போனாள். (இனி அந்த வாக்கியத்தை மூன்றாம் பகுதியிலிருந்து எடுத்து இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.)

லோவ்ரே பரீட்சையில் தேறினான். “சேந்துட்ட மச்சான்” என்று டிங்கோ சொன்னதைக் கேட்டுச் சமையலறைக்கு ஓடிவந்தவன், நாற்காலியில் பையைப் பார்த்தான். இது எதற்கு என்றான்.

“நீதானே சொன்ன.”

தான் சொன்னது அவனுக்கு ஞாபகமே இல்லை.

6

மாவு இரவல் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தபோது யாகோடாவே இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: அவன் காதில் விழவில்லை என்று தெரிந்துதானே கேட்டாய்? அவள் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தபடி, “நானும் சீட்டு ஆடுறவதான்” என்றாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவன் ஏஜென்சிக்குப் போன் செய்து மறுக்கிறான். நான்கு மேசைகளோடு வீட்டிலேயே இருக்கிறான். அல்லது கப்பலேறி, தினமும் என்ன சமைத்தாய் என்று கேட்கிறான். அல்லது இரண்டையும் விட்டுவிட்டு ஊரிலேயே (இதை முடிக்க முடியவில்லை. ஊரில் என்ன வேலை இருக்கிறது?)

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏஜென்சி மூட இன்னும் நேரம் இருந்தது. நடுவில் போன். உள்ளறையில் நான்கு மேசைகளும் மணியடித்து அவனைக் கூப்பிட்டன, அவன் எழவில்லை. த்ரெசேத்தாவில் போலவே யாகோடா விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அது சுவர் வழியாக எனக்கும் கேட்டது. இந்த முறை நான் கதவைத் திறக்கப் போகவில்லை.

அதற்குமேல் யாகோடா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லோவ்ரே கையில் என்னென்ன இருந்தன என்று உங்களுக்கும் தெரியும். அதில் பெரியது எது?