மாப்பிள்ளைக்குப் பதில் குரல்

அச்சகத்தில் எல்லாரையும் மெஷின் பேர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். காகிதம் வெட்டுகிறவன் கட்டர். அவன் தங்கையைக் கட்டியவன் மட்டும் இதற்கு விலக்கு. மடிப்பு மெஷினில் நின்றாலும் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவன் மாப்பிள்ளைதான். ஆள் தங்கமானவன். ஒரே குறை, ஓர் இடத்தில் நிற்க மாட்டான். ஷிப்ட் ஆரம்பத்தில் சூப்பர்வைசர் தலை நிமிராமல் பேர் வாசிப்பார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கோடவுனுக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். கட்டர் மூக்கை லேசாக அழுத்திக்கொண்டு, மாப்பிள்ளையின் மூக்கடைத்த குரலிலேயே "இருக்கேன் சார்" என்பான். கட்டர் காணாமல் போகும் நாளில் மாப்பிள்ளை சொல்வான். அந்த அச்சகமே அப்படித்தான் ஓடியது, யாருக்கும் இது தப்பாகவே படவில்லை.

அந்த வருஷம் சிநேகிதர்கள் சேர்ந்து டூர் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். ஆம்பளைகள் மட்டும். கிளம்பும்போது தங்கை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, அவருக்கு நீச்சல் தெரியாது. ஆழத்துக்கு விட்டுடாத."

"அவன் என்ன கைக்குழந்தையா? நான் பாத்துக்கறேன், போ."

காலைப்பொழுது சொர்க்கமாகப் போனது. பைண்டரைக் கழுத்துவரை மணலில் புதைத்து, மூக்கில் நண்டை விடப்போவதாகப் பயமுறுத்தினார்கள். மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வோர் அலைக்கும் அலறினான். "மச்சான், வாய்யா! சும்மா மல்லாந்து கிடக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?" கட்டர் கையை ஆட்டிவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கண்ணயர்ந்தான்.

விசில் சத்தத்தில்தான் எழுந்தான். சாப்பாட்டு நேரம். டூர் ஆள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேர் வாசிக்க ஆரம்பித்தார். பஸ் கிளம்பத் தாமதமானதற்கே காலையில் அவரிடம் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அவரிடம் கொடுத்த பட்டியலிலும் பட்டப்பேர்களைத்தான் எழுதியிருந்தார்கள், தடிப்பயல்கள்!

"மாப்பிள்ளை!"

கட்டர் சுற்றுமுற்றும் பார்த்தான். ஆளைக் காணோம், சட்டை மட்டும் பக்கத்தில் கிடந்தது. பாறைக்குப் பின்னால் ஊதிக்கொண்டிருப்பான், வேறெங்கே போவான்? கை தானாக மூக்குக்குப் போனது.

"இருக்கேன் சார்!"

பைண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டூர் ஆள் தலையாட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.

சாப்பாட்டு ஹாலில் பக்கத்து நாற்காலியில் அந்தச் சட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்தான். தட்டில் பாதி காலியாகியும் மாப்பிள்ளை வரவில்லை. "எங்கய்யா போய்த் தொலைஞ்சான் இவன்?" என்று சட்டையை நகர்த்தினான். பையில் ஏதோ தட்டுப்பட்டது. சிகரெட் பாக்கெட். கூடவே தீப்பெட்டி.

அப்போ பாறைக்குப் பின்னால் எதை ஊதுவான்? எழுந்து ஓடினான். கை கழுவக்கூட இல்லை.

பாறைக்குப் பின்னால் யாரும் இல்லை. கரையில் இவர்கள் கூட்டத்தைத் தவிர வேறு கூட்டமும் அன்று வந்திருக்கவில்லை. காவல் கோபுரத்தடியில் உயிர்காப்பு ஆள் படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கட்டர் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டார்.

"கொடிக்கு அந்தாண்ட கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுதுய்யா. படகைத் தள்ளிட்டேன். எதுக்கும் கேப்போம்னு உங்க டூர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்பதான் பேர் வாசிச்சேன், எல்லாரும் குரல் கொடுத்தாங்கன்னார். சரி, மரக்கட்டை போலிருக்குன்னு படகைத் திரும்ப ஏத்திட்டேன்."

கட்டர் மணலில் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே ஓடிவந்த பைண்டருக்கும் அது காதில் விழுந்தது. அவன் அலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவி, பாவி என்று கட்டர் தலையில் அடித்துக்கொண்டான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் படகு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது.

தங்கைக்கு யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டூர் ஆள், "நான் வேணா பேசட்டுமா?" என்றார். கட்டர் வேண்டாமென்று போனை எடுத்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. தூங்கியது, குரல் கொடுத்தது, சட்டை, படகு திரும்பியது, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீ ஏண்ணா இருக்கார்னு சொன்னே?"

"திட்டு விழக்கூடாதேன்னுதாம்மா."

அவ்வளவுதான் காரணம். தேடிப் பார்த்தான், அவனிடம் வேறு காரணம் இல்லை. அவளாவது நாலு வார்த்தை திட்டட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தான். அவள் திட்டவில்லை.