வைபி தலை குனிந்த ஏழு நிமிடம்

மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கை லாபு தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். யாரிடம் என்ன கேட்கப் போனாலும் முதலில் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்ததென்று சொல்லப் போனாலும் பொன்னாடை, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதென்று சொல்லப் போனாலும் பொன்னாடை. மரியாதை நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரோனால்டின் சிறுநீரகத்துக்கு அதெல்லாம் தெரியாதே!

ரோனால்டுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இரண்டு வருடம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பக்கத்து ஊரான செர்டாங்கில் இடம் கிடைக்காமல் கூலிம் டவுனில்தான் கிடைத்தது. அவன் மனைவி செலஸ்டின் கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் செய்து பார்த்தாள், கட்டணம் கட்ட முடியவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமையை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது ரோனால்டுக்குக் கால் செருப்பில் நுழையாது. இப்படியே போனால் ஒருநாள் மூச்சு அடைக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாநில அரசாங்கம் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. சட்டமன்றத்தில் நிறைவேறிய மறுமாதம் முதல் அட்டை இருந்தால் போதும், டயாலிசிஸ் இலவசம். தோட்டமே கைதட்டியது. சட்ட வரைவை உட்கார்ந்து படித்தது செலஸ்டின் ஒருத்திதான். தொழிற்சாலை கண்டீனில் மூன்று நாள் சோறு ஆறியது. பிரிவு ஒன்பது, இரண்டாவது வரி: நோயாளி குடியிருக்கும் மாவட்டத்துக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டும். அவர்கள் வீடு பண்டார் பாரு மாவட்டம், கூலிமோ வேறு மாவட்டம். நடுவில் செம்பனைத் தோட்டத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனாலும் எல்லை எல்லைதான்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அழகேசனிடம் ஓடினாள். லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர், மேடையைக் கண்டால் மட்டும் தன்னை மறந்துவிடுவார்.

"அண்ணே, இந்த ஒரு வரிய எடுத்துட்டா போதும்ணே. சட்டமன்றம் கூடறதுக்குள்ள வைபிகிட்ட சொல்லணும்."

"ஒரு வரிதான? சொல்லிறலாம்லா தங்கச்சி. அதுக்குன்னு வெறுங்கையோடயா போறது?"

வைபி என்றால் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் விக்னேஸ்வரன். அவரது அலுவலகத்தில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். எட்டுப் பேர் போனார்கள், எட்டுப் பொன்னாடை. பிறகு படம் எடுத்தார்கள். படத்தில் அழகேசன் கண்ணை மூடியிருந்தார் என்று திரும்ப எடுத்தார்கள். இரண்டாவதில் வைபி கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது படம் நன்றாக வந்தது. அதோடு இருபது நிமிடமும் முடிந்தது. செலஸ்டின் வாயைத் திறப்பதற்குள் அடுத்த சங்கம் பழத்தட்டோடு உள்ளே வந்துவிட்டது.

சரி, எழுதியே கொடுப்போம் என்று அழகான மலாயில் ஒரு பக்கத்துக்கு மனு எழுதினாள். அதை வாங்கிப் பார்த்த அழகேசன், "இவ்ளோ நல்ல மனுவ மடிச்சா குடுக்குறது?" என்று கண்ணாடி போட்டு, தங்க நிறத்தில் சட்டம் அடித்து, இரண்டு பேர் தூக்கும் அளவுக்குப் பண்ணிவிட்டார். வைபி அதை இரண்டு கையாலும் பெற்றுக்கொண்டார். இப்போது அது அவர் அலுவலகச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே தொங்குகிறது. கண்ணாடி போட்டு மாட்டியதை யாராவது நின்று படிப்பார்களா? அவருடைய உதவியாளர் மார்க்கஸுக்கு வாட்சப் அனுப்பினாள். கும்பிடும் கைகள் இரண்டு பதிலாக வந்தன. மறுபடி அனுப்பினாள். நான்கு கைகள் வந்தன.

நான்கு மாதம் இப்படியே போனது. திங்கட்கிழமை சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு. அதற்கு முந்தின சனிக்கிழமை செர்டாங் மண்டபத்தில் வைபிக்கு விழா வைத்தார் அழகேசன். "இந்தத் தடவ உன் பேரையே போட்டுட்டேன், பாரு" என்று நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். போட்டிருந்தார்தான். குத்துவிளக்கு, தேவாரம், வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவருக்குச் சிறப்பு, பரதம் என்று போய், பதினேழாவதாகக் கோரிக்கை உரை, திருமதி செலஸ்டின்.

காற்றாடி ஓடியதில் குத்துவிளக்கு ஏற்றவே ஒன்பது நிமிடம் பிடித்தது. காற்றாடியை நிறுத்தலாம் என்றால் வைபிக்கு வியர்க்குமாம். பரதம் முடியும்போது மணி பதினொன்று நாற்பது. மார்க்கஸ் மேடையோரம் வந்து, "பன்னெண்டு மணிக்கு வைபி கோத்தா கோலா மூடா கெளம்பணும், மீனவர் சங்க விழா" என்று அழகேசன் காதைக் கடித்தார். அது செலஸ்டின் காதிலும் விழுந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது ஒன்பதாவது அங்கம், மாலை மரியாதை. அவள் நிகழ்ச்சி நிரலை எண்ணிப் பார்த்தாள், நடுவில் இன்னும் ஏழு அங்கம். மூன்றாவது வரிசையில் ரோனால்டு செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மகளிர் பிரிவு சார்பில் மாலை போட வேண்டிய மருதம்மாளுக்கு முழங்கால் வலி. "படி ஏற முடியலடி, நீ போய்ப் போட்டுட்டு வா" என்று ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆளுயர மாலையைச் செலஸ்டின் கையில் திணித்தாள்.

மேளம் கொட்டியது. வைபி நெட்டை மனிதர், செலஸ்டினோ ஐந்தடிக்கும் குறைவு. ஆகவே அவர் நன்றாகவே குனிந்தார். அவள் மாலையை அவர் தலைக்கு மேல் உயர்த்தினாள். உயர்த்தியவள் போடவில்லை.

"வைபி, பிரிவு ஒம்போது, ரெண்டாவது வரி," என்றாள்.

"என்னம்மா?"

"அந்த வரி இருந்தா என் வீட்டுக்காரருக்கு அட்டை செல்லாது. அத எடுக்கறேன்னு சொல்லுங்க, மாலைய போடுறேன்."

வைபியின் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரே நாற்பது கைப்பேசிகள். குனிந்த தலையை மாலை இல்லாமல் நிமிர்த்தினால், மாலையை மறுத்த வைபி என்று சாயங்காலத்துக்குள் கெடா முழுக்கப் போய்விடும். அடுத்த வருடம் தேர்தல் வேறு. மனிதர் குனிந்தபடியே நின்றார்.

மாலை விழும்வரை கெட்டிமேளம் நிற்கக் கூடாது என்பது வழக்கம். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் சிவந்து கண் பிதுங்கியது, நிறுத்தவில்லை. "இதோ... மாலை... அணிவிக்கப்பட இருக்கிறது!" என்று அறிவிப்பாளர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். மாலையின் கனத்தில் செலஸ்டினின் கை இறங்குவதைப் பார்த்து மகளிர் பிரிவில் இரண்டு பேர் ஓடிவந்து, ஏனென்று கேட்காமலே, அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பந்து விளையாட்டுச் சங்கத்துக்காரர் நேரம் போய்விடுமே என்ற பயத்தில் மேடையேறி, குனிந்திருந்த முதுகின்மேல் பொன்னாடையைப் போர்த்திப் படமும் எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு சங்கங்கள் வரிசையில் நின்றன.

"தங்கச்சி, போட்டுரும்மா, மானம் போவுது!" என்று அழகேசன் கெஞ்சினார்.

"உசுரு போவுதுண்ணே," என்றாள் செலஸ்டின்.

"அய்யோ, கழுத்து!" என்றார் வைபி. "மார்க்கஸ், டத்தோவுக்குப் போன் போடுய்யா!"

சுகாதாரத்தைக் கவனிக்கும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்தான் அந்த டத்தோ, தலைநகர் அலோர் ஸ்டாரில் இருப்பவர். மார்க்கஸ் மண்டியிட்டு, கைப்பேசியின் ஸ்பீக்கரைப் போட்டு வைபியின் தாடைக்குக் கீழே பிடித்தார். மேளச் சத்தத்தில் வைபி கத்த வேண்டியிருந்தது. பிரிவு ஒன்பது, மாவட்டம், டயாலிசிஸ் என்று மலாயில் அவர் கத்தினார். அந்தப் பக்கம் டத்தோ வரைவைப் புரட்டிப் பார்த்தார். அந்த வரி பழைய விதிமுறை ஒன்றிலிருந்து அப்படியே வந்துவிட்டது, அதற்கு அவசியமே இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டத்தோ. அதற்கப்புறம் சாவகாசமாக, "தாக் அடா சியாப்பா மிந்தா புன்," என்றார்.

மார்க்கஸின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. இரண்டாவது வரியின் மேல் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் கையெழுத்து. மார்க்கஸ் தூக்கிக் காட்ட, செலஸ்டின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகுதான், வைபி குனிந்த ஏழாவது நிமிடத்தில், மாலையைப் போட்டாள். மேளம் நின்றது, நாதஸ்வரக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அவள் படத்துக்கு நிற்காமல் இறங்கி, மூன்றாவது வரிசைக்கு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றான் ரோனால்டு.

"எடுத்துட்டாங்க."

"ரெண்டே நிமிஷப் போன்லயா?"

"டத்தோ சொல்றாரு, யாருமே கேக்கலயாம்," என்றாள் அவள். "நாலு மாசமா, யாருமே கேக்கலயாம்."

ரோனால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சுப் பத்தாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். செலஸ்டினுக்கு வந்தது ஆத்திரம். முன்னால் இருந்த நாற்காலியை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, நிறுத்திப்போட்ட வெள்ளிக்கிழமைகளையெல்லாம் நினைத்து நினைத்து அழுதாள்.

அழகேசன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, ஜெயிச்சிட்டோம்லா! அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம இதே மண்டபத்துல வைபிக்கு நன்றி விழா. ரோனால்டுதான் சிறப்பு விருந்தினர். அவருக்கும் மால போட்டுருவோம்!"

"வெள்ளிக்கெழம அவரு வரமாட்டாருண்ணே."

"ஏம்மா, அன்னிக்கு என்ன அப்படி வேல?"

"உசுரோட இருக்கற வேலண்ணே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். ரோனால்டின் காலில் செருப்பை மெல்ல மெல்ல மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.