கட்டிய துணியோடு

ஊரப்பாக்கத்தைத் தாண்டி வேன் மேற்கே திரும்பியதும் வயல் வந்துவிட்டது. ஏரிக்கரணை சின்ன ஊர். நெல் விளையும், தர்ப்பூசணி விளையும். வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் எட்டு நிற்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் பங்குனி ஞாயிற்றுக்கிழமையில் தாம்பரத்திலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

தனக்கோடி வீடு பார்க்க வரவில்லை. அந்த எட்டில் ஒன்று அவன் மனைவி பிறந்த வீடு. அவள் செத்து ஐந்து மாதமாகிறது. அங்கே யாருக்கும் தெரியாது. சாதி விட்டுக் கட்டிக்கொண்டவள். அவள் செத்ததும் அவன் எழுதிய பதிவுத் தபால் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

ரத்த உறவின் சாவு எத்தனை மாதம் கழித்துக் காதில் விழுந்தாலும், கட்டிய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை எதுவும் வாயில் படக்கூடாது. அந்தத் தண்ணீரை அவர்கள் தலையில் ஊற்றவைக்கத்தான் அவன் வந்திருந்தான். அவள் அந்த வீட்டுப் பெண் என்று அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அவளுடைய அண்ணன் லோகநாதன் அவனைப் பார்த்ததே இல்லை. தன் வீட்டு உருண்டைத் தூண்களை வந்தவர்களுக்குத் தட்டித் தட்டிக் காட்டினான்.

"ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொம்பது. கலெக்டர் தங்கின வூடு. தேக்கு எல்லாம் பர்மா. இந்த மாதிரி ஒரு ஜன்னல் இன்னிக்கு செய்யச் சொல்லுங்க, பாக்கலாம்!"

"எதுக்கு சார் செய்யணும்? கழட்டிக் குடுங்க, பல்லாவரம் சந்தையில வித்துக்கறேன்" என்றார், எல்லோரையும் கூட்டி வந்த சௌகத் அலி.

சிரித்தார்கள். மோர் வந்தது. லோகநாதனும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டான்.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர் சார்?" என்று கேட்டாள் வந்தவர்களில் ஒருத்தி.

"ரெண்டே பேர். நானும் தம்பியும்."

"மூணு" என்றான் தனக்கோடி.

லோகநாதன் திரும்பினான். "யாருய்யா நீ?"

"தனக்கோடி. தையல்நாயகி வீட்டுக்காரன். ஐப்பசியில செத்துட்டா. மஞ்சள் காமாலை."

உள்கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாது. வூடு பாக்குற சாக்குல சொத்துக்கு வந்துகீறியா, திருட்டு நாயே?"

"யாரும் கெடையாதுன்னா உங்களுக்குத் தீட்டும் கெடையாது. குடிங்க. மோர் புளிச்சிடப் போவுது."

லோகநாதன் டம்ளரை உதடு வரை கொண்டுபோனான். எல்லோரும் பார்த்தார்கள். மோர் மீசையைத் தொட்டது. உள்ளே போகவில்லை.

பின்கட்டில் கிணற்றுக்குள் வாளி விழுந்தது. தண்ணீர் கல்லில் அறைந்தது. மறுபடியும். மறுபடியும்.

தையல்நாயகியின் அம்மா ஹாலுக்கு வந்தாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து சிவப்புச் சிமெண்ட் தரையில் நீர் சொட்டியது.

"நீ இன்னும் போவலயா?" என்றாள் மகனிடம்.

லோகநாதன் டம்ளரை ஜன்னல்கட்டையில் வைத்தான். இஸ்திரி கலையாத சட்டையோடு கிணற்றடிக்கு நடந்தான்.

அவள் தனக்கோடியிடம் திரும்பினாள்.

"இன்னிக்கு நடந்து வந்துச்சே இந்தக் காலு, அவ படுத்துக் கெடந்தப்ப எங்க போச்சு?"

"எழுதினேன்."

"செத்தப்புறம்தான எழுதின? உசிரோட கெடந்தப்ப வாசல்ல வந்து கத்தியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேன்? வெளிய போ."

அவன் படியிறங்கினான்.

வேன் பூட்டியிருந்தது. வெயிலில் நின்றான். கிணற்றடியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.