வளையத்தை இறுக்கும் விரல்

1.
“அம்மா, உள்ள வெட்டுறது டாக்டரா, நீயா?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவள் ஒரு செவிலியின் ஏழு வயது மகள். பேருந்தில் முன்னிருக்கையிலிருந்து என் காதில் விழுந்தது. தாய் செவிலியர் சீருடையில் இருந்தாள். மீதியெல்லாம் நான் கட்டியது.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த அறையைப் போலவே அவள் மனமும் இருண்டு…’ (அடித்துவிட்டேன். பயத்துக்கு எதற்கு அலங்காரம்?)

குடலில் முளைத்த கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டு எடுப்பார்கள். அடியில் நீல மருந்தை ஏற்றிக் கட்டியை மேடாக்குவார்கள். திரையைப் பார்த்துக் குழாயை நகர்த்துபவர் மருத்துவர். கட்டியைச் சுற்றிக் கம்பி வளையத்தை இறுக்குவது செவிலியின் கை. மருத்துவர் காலால் மிதியை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து வெட்டும். குடலின் தசையும் வளையத்தில் சிக்கியிருந்தால், திரையில் தெரியாமல் போகலாம்; விரலுக்குத் தெரியும்.

3.
போன மாதம் அந்தச் செவிலியின் விரலுக்கு அது தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. (‘கோழை’ என்று எழுதி, எடுத்துவிட்டேன். அவசரத்தில் இருக்கும் பெரியவரிடம் ‘நில்லுங்க’ என்று சொல்ல நமக்கு மட்டும் வந்துவிடுமா?) குடலில் ஓட்டை விழுந்தது. நோயாளி பிழைத்தார், வயிற்றில் நீளத் தையலோடு. தவறு தன்னுடையதுதான் என்று மருத்துவர் நோயாளியின் வீட்டாரிடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் கேட்டாள்.

4.
இன்று மயக்கத்தில் படுத்திருப்பவர் ஒரு தையல்காரர். வளையம் பாதி இறுகியதும் அதே கனம் விரலில் முட்டியது. அவள் விரலை நிறுத்தினாள். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

“என்ன சிஸ்டர், தூங்கிட்டீங்களா? இறுக்குங்க.”

(இங்கே அவள் இறுக்கிவிடுவதாகவும் ஒரு முடிவு எழுதினேன். ‘அவள் கண்ணை மூடி…’ அதற்குமேல் கை ஓடவில்லை.)

“மாட்டேன் சார். மிதியிலேருந்து காலை எடுங்க. தசையும் மாட்டியிருக்கு.”

அவர் திரையைப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவள் விரல்களைப் பார்த்தார். கால் மிதியை விட்டு இறங்கியது.

“தளர்த்துங்க.”

வளையத்தைக் குடற்சுவரிலிருந்து மெல்லத் தூக்கினார். அவள் மறுபடி இறுக்கினாள்.

“இப்போ?”

“இப்ப லேசா இருக்கு சார்.”

5.
கட்டி வந்தது. வெட்டிய இடம் முழுக்க அந்த மருந்தின் நீலம்தான்; தசை வெட்டுப்படவில்லை, ஓட்டை இல்லை. அவள் மனத்துக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள், நானும்தான்.

அன்று மாலை தவறுகளைக் குறிக்கும் பதிவேட்டில் போன மாதப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் எழுதப்போவதைப் பார்த்தால் மருத்துவர் என்ன சொல்வார், அவள் வேலை நிலைக்குமா? இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். ‘விரலுக்குத் தெரிந்தது, சொல்லவில்லை’ என்று சேர்த்தாள். அறையில் யாரும் இல்லை. நானும் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.